எந்தத் துணிக்கு சாஃப்ட்னர், எதற்கு வேண்டாம்? – வாசகர் கேள்வி பதில்

துவைத்து முடித்த துணிக்குக் கடைசியாக ஊற்றும் வாசனைத் திரவத்தைச் சிலர் கண்டிஷனர் என்கிறார்கள், சிலர் சாஃப்ட்னர் என்கிறார்கள், கடையில் ‘கம்ஃபர்ட்’ என்றே கேட்டு வாங்குவோரும் உண்டு. எல்லாம் ஒரே வகைதான். அதைப் பற்றியும், வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வந்து சேரும் டிரையர் ஷீட் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

அமெரிக்காவிலிருந்து வந்த மகள் டிரையர் ஷீட் என்று ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனாள். “டிரையரில் துணியோடு ஒன்று போடும்மா, மணக்கும்” என்றாள். எங்களிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் மெஷின். அதன் டிரையரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். மணமும் இல்லை, மென்மையும் இல்லை. என்ன தப்பு செய்தேன்?
– வாசகி, திருநெல்வேலி

நீங்கள் தப்பு செய்யவில்லை. குழப்பம் பெயரில் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் இரண்டாவது தொட்டியை நம் ஊரில் ‘டிரையர்’ என்கிறோம். அது துணியைக் காய வைப்பதில்லை. வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். அதில் சூடு கிடையாது. மகள் வீட்டில் இருப்பது, சூடான காற்றில் துணியைப் புரட்டிப் புரட்டி முழுதாகக் காய வைக்கும் தனி மெஷின்.

டிரையர் ஷீட் என்பது மெல்லிய நார்த்தாள், பெரும்பாலும் பாலியெஸ்டர். அதன் மேல் மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருளையும் வாசனையையும் பூசியிருப்பார்கள். சூடு பட்டால்தான் அந்தப் பூச்சு இளகும். இளகியது, புரளும் துணிகளில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும். சாஃப்ட்னரைக் கடைசி அலசலில்தான் ஊற்ற வேண்டும் என்பதால், அந்த நேரம் பார்த்து யாராவது மெஷின் பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சலைத் தவிர்க்க அமெரிக்காவில் கான்ராட் கெய்சர் என்பவர் 1960-களின் கடைசியில் கண்டுபிடித்த வழி இது. சூடான டிரையர் இல்லாத வீட்டில் இதற்கு வேலையே இல்லை.

இனிமேல் பிழியும் தொட்டியில் போடாதீர்கள். ஷீட் தொட்டிக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் இடையில் நழுவினால், தண்ணீர் வடியும் வாயை அடைத்துக்கொள்ளும். துவைக்கும் தொட்டியிலும் போடக் கூடாது. மீதியை வீணாக்க வேண்டாம்: காலி சூட்கேஸில் ஒன்று, ஷூவுக்குள் ஓரிரவு ஒன்று, மின்விசிறி இறக்கை துடைக்க ஒன்று என்று பயன்படுத்தலாம். பட்டுப்புடவை அடுக்கில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் கொழுப்புப் பூச்சு பட்டில் ஒட்டினால் எண்ணெய்ப் பொட்டு விழும்.

புதுசாக வாங்கிய டர்க்கி டவல்கள் நான்கும் தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கின்றன. ஆனால் குளித்துவிட்டுத் துடைத்தால் தண்ணீர் உடம்பிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் சாஃப்ட்னர் போட்டுத்தான் அலசுகிறேன். டவல் தரம் சரியில்லையா?
– வாசகி, ஈரோடு

டவல் நல்ல டவல்தான். தண்ணீரைத் தடுப்பது சாஃப்ட்னர்.

நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். சாஃப்ட்னரின் மூலப்பொருளுக்கு ஒரு முனையில் நேர்மின்னூட்டம், மறுமுனையில் நீண்ட கொழுப்பு வால். நேர்மின் முனை நூலைப் பிடித்துக்கொள்ள, கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கை தடவும்போது நாம் ‘மென்மை’ என்று உணர்வது அந்த வாலைத்தான். தலைக்கு எண்ணெய் தடவினால் முடி வழுக்கிக்கொண்டு போவது போலத்தான் இது. எண்ணெய் தடவிய தலையில் தண்ணீர் எப்படி ஒட்டாமல் ஓடுகிறதோ, அப்படியே டவலிலும் ஓடும். டவலின் சுருள் இழைகள் இருப்பதே தண்ணீரைக் குடிப்பதற்குத்தான். அவற்றுக்கு ஒவ்வொரு வாரமும் கொழுப்புப் பூசினால் எப்படிக் குடிக்கும்?

சோதித்துப் பாருங்கள். காய்ந்த டவலை மேஜை மேல் விரித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை மெல்ல விடுங்கள். உடனே உள்ளே இறங்கினால் பழுதில்லை. முத்து மாதிரி உருண்டு சில நொடி நின்றால் பூச்சு ஏறியிருக்கிறது.

மீட்க வழி இருக்கிறது. டவல்களை மட்டும் தனியாக, 60 டிகிரி சூட்டில், வழக்கமான அளவில் பாதி சோப்புத் தூள் போட்டு ஓட்டுங்கள். சாஃப்ட்னர் அறை காலியாக இருக்கட்டும். கூடுதலாக ஒரு அலசல் வையுங்கள். மெஷினில் வெந்நீர் வசதி இல்லையென்றால், வாளியில் கை பொறுக்கும் வெந்நீரும் ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடாவும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். இரண்டு மூன்று சலவையில் பழைய உறிஞ்சல் பெரும்பாலும் திரும்பிவிடும். சாயம் விடும் அடர்நிற டவலாக இருந்தால், ஓரத்தில் சோதித்துவிட்டு வெந்நீரில் போடுங்கள்.

ஈரிழைத் துண்டு, பாத்திரம் துடைக்கும் துணி, கைக்குட்டை, தரை துடைக்கும் துணி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். துணி காய்ந்தால் அப்பளம் போல விறைக்கிறது. கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. சாஃப்ட்னரை இரண்டு மடங்காக்கியும் பெரிய மாற்றம் இல்லை. வேறு பிராண்ட் மாற்றலாமா?
– வாசகர், தாம்பரம்

பிராண்டை மாற்ற வேண்டாம். முதலில் காரணத்தைப் பாருங்கள். துணி விறைப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உங்கள் வீட்டில் மூன்றுமே இருக்கக்கூடும்.

முதலாவது தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் துணி காயும்போது நூலிலேயே தங்கிவிடும். சோப்புக் கட்டி போட்டால் இன்னும் மோசம்: சோப்பு அந்த உப்புகளோடு சேர்ந்து நுரைக்குப் பதில் தயிர்த் திப்பி போன்ற பிசுக்காகத் திரியும். கறுப்புச் சட்டையில் நீங்கள் பார்க்கும் வெள்ளை பெரும்பாலும் அதுதான். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிச் சிறிது போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் மென்னீர். நுரை நிற்காமல் தண்ணீர் வெண்மையாகக் கலங்கினால் கடினநீர். சோப்புத் தூளைப் போட்டு இதைச் சோதிக்காதீர்கள். தூளில் கடினத்தை அடக்கும் பொருள்கள் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

இரண்டாவது, துணியில் தங்கிய சோப்புத் தூள். துவைத்துக் காய்ந்த ஒரு துண்டை எடுத்து, சோப்பு எதுவும் போடாமல் வெந்நீரில் அலசிப் பாருங்கள். தண்ணீர் நுரைத்தாலோ வழவழத்தாலோ, போன வாரத்துச் சோப்பு இன்னும் துணிக்குள்ளேயே இருக்கிறது. அழுக்குப் போகவில்லை என்று தூளைக் கூட்டிக்கொண்டே போகிற வீடுகளில் இதைத்தான் பார்க்கலாம்.

மூன்றாவது, காய்கிற விதம். காற்றில்லாத இடத்தில் அசையாமல் தொங்கும் பருத்தி எந்தத் தண்ணீரில் துவைத்தாலும் கொஞ்சம் விறைக்கும். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் சொன்னது: காய்ந்த பிறகும் பருத்தி இழைகளின் மேல் மிக நுண்ணிய அளவில் தண்ணீர் ஒட்டியிருக்கிறது, அது பசை போல நின்று ஓர் இழையை மற்றொன்றோடு கோத்துவிடுகிறது. காற்றில் படபடக்கும் துணியில் இந்தப் பிணைப்பு அவ்வப்போது உடைந்துபோகும். அதனால்தான் மாடிக் கொடியில் காய்ந்த துணி பால்கனித் துணியைவிட மெத்தென்று இருக்கிறது.

சாஃப்ட்னர் இந்த மூன்றாவதற்குத்தான் மருந்து. இழைகளுக்கு நடுவே கொழுப்பைப் பூசி அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீரின் உப்பை அது எடுக்காது, தங்கிய சோப்பையும் எடுக்காது. அந்தப் பிசுக்கின் மேலேயே போய் இன்னொரு படலமாக உட்காரும். அதனால்தான் அளவை இரட்டித்தும் உங்களுக்குப் பலனில்லை.

செய்ய வேண்டியது இது. ஊறவைக்கும் தண்ணீரில் முதலில் சலவை சோடாவைக் கரையுங்கள்: வாளிக்கு ஒரு மேஜைக்கரண்டி, மெஷினில் முழுச் சுமைக்கு இரண்டு. ஐந்து நிமிடம் கழித்துச் சோப்புத் தூளைப் போடுங்கள். பட்டு, கம்பளி இரண்டுக்கும் சோடா ஆகாது. சோப்புக் கட்டியை விட்டுத் தூளுக்கோ திரவத்துக்கோ மாறுங்கள். மெஷினில் கூடுதல் அலசல் பொத்தானை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். கையில் அலசினால் மூன்றாவது தண்ணீர் கண்ணாடி போல் தெளியும்வரை அலசுங்கள். லாரி தண்ணீரோ குடிநீரோ கிடைக்கும் நாளில், கடைசி அலசலுக்கு மட்டும் அதில் அரை வாளி ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். கொடியில் போடும் முன் ஒவ்வொரு துணியையும் இரண்டு கையாலும் பிடித்து நாலு தடவை பலமாக உதறுங்கள். காய்ந்து எடுக்கும்போது இன்னொரு முறை உதறுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் போர்வை, சட்டை விறைத்தால் அப்போது சாஃப்ட்னரை அளவோடு சேர்க்கலாம்.

பாட்டிலில் ‘ஒரு மூடி’ என்று போட்டிருக்கிறது. ஒரு மூடி என்றால் எவ்வளவு? கையால் துவைப்பவர்கள் எப்படிப் போட வேண்டும்?
– வாசகி, தேனி

மூடியின் கொள்ளளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பெரிய பாட்டில் மூடியும் சின்ன பாட்டில் மூடியும் ஒன்றல்ல. இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் 5, 10 மில்லி என்று கோடு போட்டிருக்கும். அதில் தண்ணீர் பிடித்து உங்கள் சாஃப்ட்னர் மூடியில் ஊற்றி, 20 மில்லி எங்கே வருகிறது என்று ஒரு தடவை பார்த்து, மார்க்கர் பேனாவால் வெளிப்பக்கம் கோடு போட்டுவிடுங்கள். மருந்து மூடியில் சாஃப்ட்னரை ஊற்றி அளக்கக் கூடாது.

கையால் அலசும்போது 10, 12 சாதாரணத் துணிக்கு அரை வாளித் தண்ணீரில் 15 முதல் 20 மில்லி போதும். சோப்பு முழுதும் போன பிறகு, கடைசித் தண்ணீரில்தான் இது. முதலில் சாஃப்ட்னரைத் தண்ணீரில் கலக்கி, பிறகு துணியை முக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ராத்திரி முழுக்க ஊறவைப்பதில் லாபமில்லை. எடுத்துப் பிழிந்து அப்படியே கொடியில் போடுங்கள், மறுபடி அலசக் கூடாது. செறிவு கூடிய வகையென்றால் அளவு இன்னும் குறையும். அதற்கு லேபிளில் உள்ள எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும்.

சோப்புத் தண்ணீரிலேயே சாஃப்ட்னரை ஊற்றுவது நிறைய வீடுகளில் நடக்கிறது. சோப்புத் தூளின் மூலப்பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது, சாஃப்ட்னர் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரிந்துவிடும். அழுக்கும் போகாது, மென்மையும் வராது, இரண்டின் காசும் சாக்கடையில் போகும்.

ஃப்ரண்ட் லோட் மெஷினில் பூப் படம் போட்ட அறையில் சாஃப்ட்னர் ஊற்றுகிறேன். துவைத்து முடிந்த பின் பார்த்தால் அந்த அறையில் கலங்கலாகத் தண்ணீர் நிற்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

கூப்பிடும் முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் நீங்களே சரிசெய்யலாம்.

அந்த அறையின் நடுவில் ஒரு சின்னக் குழல் செங்குத்தாக நிற்கும். அதன் மேல் தொப்பி மாதிரி ஒரு மூடி கவிழ்ந்திருக்கும். கடைசி அலசலில் மெஷின் இந்த அறைக்குள் தண்ணீரை விடும். தண்ணீர் மட்டம் குழலின் உச்சியைத் தாண்டியதும் தொப்பிக்குள் உறிஞ்சல் தொடங்கி, அறையில் உள்ளது மொத்தமும் குழல் வழியாகத் துணிக்குப் போய்விடும். கெட்டியான சாஃப்ட்னர் அந்தத் தொப்பிக்குள் காய்ந்து படிந்தால் உறிஞ்சல் நின்றுவிடும்.

டிராயரை முழுதாக வெளியே இழுத்து, உள்ளே ‘புஷ்’ என்று இருக்கும் நாக்கை அழுத்தினால் டிராயர் கையோடு வந்துவிடும். தொப்பியை மேல்நோக்கி இழுத்துக் கழற்றுங்கள். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். குழலின் துளைக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி சரியாக இருக்கும். டிராயர் இருந்த பொந்தின் மேற்கூரையில் தண்ணீர் கொட்டும் சிறு துளைகள் இருக்கும். அங்கே கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் அதையும் துடையுங்கள். தொப்பியைத் திரும்ப மாட்டும்போது கடைசிவரை அழுத்துங்கள். அது அரைகுறையாக நின்றாலும் உறிஞ்சாது.

அதன் பிறகும் நின்றால் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள மாடி வீடுகளில் அழுத்தம் குறைவு. மட்டம் உச்சியைத் தொடாது. சாஃப்ட்னரை ஊற்றிய பின் அதே அளவு தண்ணீரும் சேர்த்து நீர்க்கச் செய்தால் சிக்கல் குறையும். ஒரு ஸ்பூன் அளவு தெளிந்த தண்ணீர் அடியில் தங்குவது இயல்புதான்.

அறையில் ‘மேக்ஸ்’ என்ற கோடு இருக்கிறதே, அது ஊற்ற வேண்டிய அளவு அல்ல, தாண்டக் கூடாத எல்லை. அதைத் தாண்டி ஊற்றினால் நீங்கள் டிராயரை மூடும்போதே உறிஞ்சல் தொடங்கி, சாஃப்ட்னர் முழுவதும் சோப்புத் தண்ணீரோடு போய்ச் சேரும்.

டாப் லோட் மெஷின். சாஃப்ட்னரை நேராகத் துணி மேல் ஊற்றிவிட்டேன். வெள்ளைச் சட்டையில் நீலத் திட்டுகள்!
– வாசகர், சேலம்

இஸ்திரி போடாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். திட்டை நனைத்து, துணி சோப்புக் கட்டியை அதன் மேல் நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, துணி தாங்கும் சூடுள்ள தண்ணீரில் துவையுங்கள். போகவில்லையென்றால் மறுபடி ஒருமுறை. அடுத்த தடவை அதற்கென்று உள்ள கிண்ணத்தில் ஊற்றுங்கள். கிண்ணம் இல்லாத மாடலென்றால், கடைசி அலசலுக்குத் தண்ணீர் நிரம்பிய பின், ஒரு மக் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள்.

காட்டன் புடவைக்கும் அப்பாவின் வேட்டிக்கும் கஞ்சி போடுகிறோம். கஞ்சியோடு சாஃப்ட்னரும் சேர்த்தால் மணமாக இருக்குமே?
– வாசகி, கும்பகோணம்

கஞ்சி இழைகளை ஒட்டவைத்து விறைக்கச் செய்கிறது. சாஃப்ட்னர் இழைகளைப் பிரித்து வழுக்க வைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் மொடமொடப்பும் நிற்காது, மென்மையும் இருக்காது, மடிப்பு தொங்கிப்போகும். கஞ்சி போடும் துணிக்கு முந்தைய சலவையில்கூட சாஃப்ட்னர் போடாமல் இருப்பது நல்லது. கொழுப்புப் படலத்தின் மேல் கஞ்சி சீராகப் பிடிக்காது, அங்கங்கே திட்டாக நிற்கும். மணம் வேண்டுமென்றால், அம்மாக்கள் செய்தபடி வெட்டிவேரைச் சின்ன முடிச்சாகக் கட்டி பீரோவில் வையுங்கள்.

பட்டுப்புடவைக்கு சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். ஜரிகைப் புடவையை வீட்டில் நனைக்கும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

பேரனுக்கு எட்டு மாதம். துணி நாப்கினை மென்மையாக இருக்கட்டும் என்று சாஃப்ட்னரில் அலசுகிறோம். இப்போது நாப்கின் தாங்காமல் ஒழுகுகிறது, தொடையில் சிவந்தும் இருக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

இன்றிலிருந்தே நிறுத்திவிடுங்கள். ஒழுகுவதற்குக் காரணம் டவலுக்குச் சொன்னதேதான்: உறிஞ்ச வேண்டிய துணியை உறிஞ்ச விடாமல் செய்திருக்கிறோம். ஈரம் துணிக்குள் போகாமல் தோலிலேயே நின்றால் சிவக்கும். சாஃப்ட்னரின் வாசனைப் பொருளும் சில குழந்தைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. நாப்கின்களை மேலே டவலுக்குச் சொன்ன முறையில் இரண்டு மூன்று தடவை வெந்நீரில் சுத்தம் செய்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குழந்தையின் மற்ற துணிக்கும் வாசனை இல்லாத சோப்பும் கூடுதல் அலசலும் போதும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் நைட்டி, சட்டை, மெத்தை விரிப்பு இவற்றிலும் கொஞ்ச நாள் சாஃப்ட்னர் இல்லாமல் பாருங்கள். சிவப்பு இரண்டு மூன்று நாளில் குறையவில்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் துணியெல்லாம் சிக்கு வாடை. சாஃப்ட்னரை அதிகமாக ஊற்றினால் அன்றைக்கு மணக்கிறது, உடுத்தி வியர்த்ததும் பழைய வாடையே வருகிறது.
– வாசகி, கடலூர்

அந்த வாடை பாக்டீரியாவின் வேலை. துவைத்த பிறகும் நூலுக்குள் தங்கிய தோல் எண்ணெயையும் வியர்வையையும் தின்று, துணி ஈரமாக இருக்கும் நேரமெல்லாம் அவை பெருகும். மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவை இந்த வாடைக்கு முக்கியக் காரணமாக ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சாஃப்ட்னர் கிருமியை ஒழிப்பதற்கானது அல்ல, மேலே மணத்தைப் போர்த்துகிறது. வியர்வை பட்டதும் போர்வை விலகிவிடுகிறது.

வாடை பிடித்த பருத்தித் துணியை 60 டிகிரியில், முழு அளவு சோப்போடு, சாஃப்ட்னர் இல்லாமல் ஒருமுறை துவைத்து எடுங்கள். மழைக்காலத்தில் மெஷினைப் பாதி நிரப்பி ஓட்டுங்கள். முடிந்தால் பிழிதலை மட்டும் இரண்டாவது முறை போடுங்கள். துவைத்து முடிந்த துணியை மெஷினுக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குள் கொடி கட்டினால் துணிக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலே மின்விசிறியை ஓடவிடுங்கள். காய்வது எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு வாடை.

மெஷினையும் முகர்ந்து பாருங்கள். எப்போதும் பச்சைத் தண்ணீர்ச் சலவை, கூடவே தாராளமாக சாஃப்ட்னர் என்றால், டிரம்முக்குப் பின்னால் கொழகொழவென்று ஒரு படலம் வளரும். அங்கிருந்தே துணிக்கு வாடை ஏறும். மாதம் ஒருமுறை துணி போடாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஓட்டுங்கள். ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்து, கதவையும் டிராயரையும் திறந்தே வையுங்கள்.

கனடாவுக்கு வந்து இது முதல் குளிர்காலம். டிரையரிலிருந்து எடுக்கும் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படபடவென்று பொறி தட்டுகிறது. ஒரு தடவைக்கு மூன்று டிரையர் ஷீட் போடுகிறேன். இப்போது துணி ஈரமாக இருக்கும்போதே டிரையர் நின்றுவிடுகிறது.
– வாசகி, டொராண்டோ

இரண்டு பிரச்சினைக்கும் தொடர்பு உண்டு. பாலியெஸ்டரும் நைலானும் காய்ந்த நிலையில் மற்றத் துணிகளோடு உரசும்போது மின்னூட்டம் சேர்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று மிக வறண்டிருப்பதால் அது கசிந்து போக வழியில்லை. துணி முழுதாகக் காய்ந்த பிறகும் ஓடுகிற கடைசிப் பத்து நிமிடத்தில்தான் இது உச்சத்துக்குப் போகும். எனவே முதலில் செயற்கைத் துணிகளைப் பிரித்துத் தனியாக, குறைந்த சூட்டில் காய வையுங்கள். அவற்றை லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தாங்கியில் மாட்டுங்கள். பருத்தி மட்டும் உள்ள சுமைக்கு ஷீட்டே தேவைப்படாது.

செயற்கைத் துணிச் சுமைக்கு ஒரு ஷீட் போதும். ஈரத்துணியின் மேலாக வைத்து உடனே ஓட்டிவிடுங்கள். டிரம்மை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நெருக்கத்தில் ஷீட் ஒரே துணியில் ஒட்டிக்கொண்டு சூடு பட்டால் எண்ணெய்ப் பொட்டுகள் விழும். விழுந்தால் ஈரமாக்கி, சோப்புக் கட்டி தேய்த்து மறுபடி துவைத்தால் போய்விடும்.

டிரையர் பாதியில் நிற்பதற்கு வருவோம். டிரம்முக்குள், பெரும்பாலும் பஞ்சு வடிகட்டிக்கு அருகில், இரண்டு பளபளப்பான உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி அவற்றில் படும்போது மின்சாரம் கடப்பதை வைத்துத்தான் மெஷின் ஈரத்தை அறிகிறது. ஷீட்டின் மெழுகு அங்கே படிந்துவிட்டால் ஈரத்துணி பட்டும் தெரியாது. காய்ந்துவிட்டது என்று எண்ணி மெஷின் நின்றுவிடும். மெஷின் ஆறிய பின், மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து அந்தப் பட்டைகளைத் துடையுங்கள். ஆவி முழுதும் போன பிறகு ஓட்டுங்கள்.

அடுத்து பஞ்சு வடிகட்டி. பஞ்சை எடுத்துவிட்டு, வலையைக் குழாய்க்கு அடியில் பிடியுங்கள். தண்ணீர் நேராக ஊடுருவிக் கொட்டினால் நல்லது. வலை மேல் குளம் போலத் தேங்கி நின்றால், கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் அடைத்திருக்கிறது. வெந்நீர், பாத்திரச் சோப்பு, மென்மையான பிரஷ் கொண்டு கழுவி, முழுக்கக் காய்ந்த பின் மாட்டுங்கள். காற்று போகாவிட்டால் டிரையர் அளவுக்கு மீறிச் சூடாகும், பஞ்சு எளிதில் பற்றும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008–2010 கணக்குப்படி, அங்கே வீட்டு டிரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். அவற்றில் 34 சதவீதத்துக்குக் காரணம் டிரையரைச் சுத்தம் செய்யாமல் விட்டது. வெளியே போகும் காற்றுக் குழாயையும் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று: குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிப்பதைத் தாமதப்படுத்தும் வகை என்று லேபிள் இருந்தால், அதற்கு ஷீட்டும் வேண்டாம், சாஃப்ட்னரும் வேண்டாம். கொழுப்புப் பூச்சு அந்தப் பாதுகாப்பைக் குறைத்துவிடும். ஷீட்டுக்குப் பதிலாக டிரையரில் துணியோடு போடும் கம்பளிப் பந்துகளைப் பற்றியும் சிலர் சொல்வார்கள். அவை துணியைப் பிரித்துவிட்டுக் காயும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கும். பொறி தட்டுவதைப் பெரிதாகக் குறைக்காது.

சாஃப்ட்னருக்குப் பதிலாக வினிகர் ஊற்றலாம் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதிலாக அல்ல. வினிகர் தங்கிய சோப்பையும் சுண்ணாம்பு உப்பையும் கரைக்கும். இழைக்கு வழுக்கல் தராது. போர் தண்ணீர் வீடுகளில் டவலுக்கு இது உதவும்: வெள்ளை வினிகர் 50 மில்லி, கடைசி அலசலில், மாதம் ஓரிரு முறை. ஒவ்வொரு சலவைக்கும் ஊற்றினால் மெஷினின் ரப்பர் பாகங்கள் சீக்கிரம் கெடலாம். சாஃப்ட்னரோடு ஒரே அறையில் கலக்காதீர்கள். குளோரின் ப்ளீச்சோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது: நச்சான குளோரின் வாயு வரும்.

மகனின் கால்பந்து ஜெர்ஸி, கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, மழைக்கோட்டு – இவற்றுக்கு?
– வாசகி, திருச்சி

மூன்றுக்கும் வேண்டாம். ஜெர்ஸி வியர்வையை வெளியே இழுக்காது, வாடை தங்கும். மைக்ரோஃபைபரின் நுண்ணிழைகள் அடைத்து, துடைத்த இடத்தில் கோடு விழும். மழைக்கோட்டு தண்ணீரை விரட்டும் திறனை இழக்கும். ரப்பர் நூல் சேர்ந்த லெக்கின்ஸுக்கும் தவிர்த்துவிடுங்கள். சாஃப்ட்னரை விரும்பிப் போட வேண்டியவை என்று கேட்டால், கஞ்சி போடாத காட்டன் சட்டை, சுடிதார், ஜீன்ஸ், போர்வை, ஸ்வெட்டர். அவற்றில் சுருக்கம் குறையும், இஸ்திரிப்பெட்டி இலகுவாக ஓடும். அவற்றுக்கும் எல்லாத் தடவையும் தேவையில்லை, இரண்டு மூன்று சலவைக்கு ஒருமுறை போதும்.

இரண்டு வருஷத்துப் பாட்டில் தயிர் மாதிரி கெட்டியாகிவிட்டது. தண்ணீர் கலந்து, காலியான கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறேன். பயன்படுத்தலாமா?
– வாசகி, காரைக்குடி

கெட்டியாகிப் பிரிந்தது மறுபடி சீராகக் கலக்காது. துணியில் திட்டு விழும், மெஷின் குழலை அடைக்கும். அதை விட்டுவிடுங்கள். அதைவிட அவசரம் அந்தக் கூல் டிரிங்க்ஸ் பாட்டில். நீல நிறம், பூ வாசனை, பழக்கமான பாட்டில் என்றால் குழந்தை யோசிக்காமல் வாயில் வைத்துவிடும். இதைப் படித்ததும் எழுந்துபோய் அதை அப்புறப்படுத்துங்கள். புது பாட்டிலை அதன் சொந்த மூடியோடு, குழந்தைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் டிரையர் ஷீட்டையும் மூடிய டப்பாவிலேயே வையுங்கள். அந்தப் பூச்சை நக்கினால் பூனையின் வாய் புண்ணாகும்.